பாடாந்தரமும் மனோதர்மமும்: மேல்நிலை நாடக வகுப்பில் இம்ப்ரவைசேஷன்

1. சொல்லும் கேள்வியும்

நாடகப் பட்டறைக்குப் போய்வந்த எவருக்கும் 'இம்ப்ரவைஸ் பண்ணுங்க' என்ற கட்டளை பழக்கமானது. கையில் எழுதிய வசனம் இருக்காது. ஓர் இடமும் ஒரு நிலைமையும் சொல்லப்படும். மீதியை நடிகர் நின்ற இடத்திலேயே உண்டாக்க வேண்டும். இதற்குத் தமிழில் சொல் தேடினால் சிக்கல்தான். 'உடனடி நடிப்பு' என்றால் அவசரம் தொனிக்கிறது. 'தன்னெழுச்சி' என்றால் பயிற்சியே வேண்டாம் என்று பொருள் வந்துவிடுகிறது. நெருங்கிய சொல் நாடகத்தில் கிடைக்கவில்லை, இசையில் கிடைக்கிறது: மனோதர்மம்.

அந்தச் சொல்லோடு ஒரு பயிற்சி முறையும் சேர்ந்து வருகிறது. கர்நாடக இசை பயிலும் பிள்ளை சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறும். பாடாந்தரம், அதாவது குருவிடம் கற்று மனத்தில் பதிந்த பாட்டு, கெட்டிப்பட்ட பிறகே நிரவல், கல்பனா ஸ்வரம், ஆலாபனை என்னும் மனோதர்ம வடிவங்கள் அதன் கைக்கு வரும். 20ஆம் நூற்றாண்டின் மேற்கத்திய நாடகக் கல்வி இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. அங்கே சிறு குழந்தைக்கு முதலில் தரப்படுவது இம்ப்ரவைசேஷன். வயது ஏற ஏற எழுதிய நாடகம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 16 வயதைத் தாண்டி நாடகத்தைத் தேர்வுப் பாடமாக எடுத்த மாணவருக்கு, அது வகுப்பு தொடங்குமுன் உடம்பைத் தளர்த்தும் பத்து நிமிட விளையாட்டாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த மாணவரைப் பற்றியது. இங்கிலாந்தில் ஏ லெவல் நாடகம் படிப்பவரும், இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் 'நாடகமும் அரங்கியலும்' எடுத்தவரும் ஏற்கெனவே மேடை ஏறியவர்கள், கூச்சம் போனவர்கள், ஓரளவு கைத்தட்டலும் வாங்கியவர்கள். அவர்களுக்கு இம்ப்ரவைசேஷன் இனி எதைக் கற்பிக்கும்? அவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை என்பதும், ஆனால் தொடக்க வகுப்பில் இருந்த வடிவில் அது பயன்படாது என்பதும் என் வாதம். எழுதிய பிரதியோடு உரசும்போதுதான் அது மேல்நிலைக் கல்வியாகிறது.

2. சிகாகோவும் லண்டனும்

இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் ஆடப்படும் நாடக விளையாட்டுகளில் பெரும்பகுதிக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று வயோலா ஸ்போலின் (1906–1994). சிகாகோவில் குடியேறிய ஏழை மக்களுக்காக இயங்கிய ஹல் ஹவுஸில் நேவா பாய்டிடம் குழு விளையாட்டுகளைக் கற்றவர். பொருளாதாரப் பெருமந்தத்தின் கடைசி ஆண்டுகளில், 1939 முதல் அரசு வேலைத் திட்டத்தின் பொழுதுபோக்குப் பிரிவில் நாடக மேற்பார்வையாளராக இருந்தார். பல மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடிப்பைச் சொற்பொழிவாற்றி விளக்க முடியாது. விளையாட்டின் விதியைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும். இந்த நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்த பயிற்சிகள் 1963இல் நூலாயின. அவருடைய மகன் பால் சில்ஸ் 1955இல் காம்பஸ் குழுவையும் 1959இல் செகண்ட் சிட்டி அரங்கையும் தொடங்கியவர்களில் ஒருவர்; அமெரிக்க நகைச்சுவை மேடை அங்கிருந்து கிளைத்தது.

ஸ்போலினின் முறையில் இரண்டு அம்சங்கள் நம் கேள்விக்கு முக்கியம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடுபவர் கவனத்தை வைக்க ஒரே ஒரு பொருள் தரப்படும்: கையில் இல்லாத பந்தின் கனம், அறையின் நடுவே இருப்பதாகக் கொண்ட மேஜை, எதிரில் நிற்பவரின் அசைவு. அடுத்தது, ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்திலிருந்து குரல் கொடுப்பது. ஆட்டம் முடிந்தபின் 'நன்று', 'மோசம்' என்ற பேச்சுக்கு இடமில்லை. மேஜை தெரிந்ததா, அதை யாராவது ஊடுருவி நடந்தார்களா என்பதே கேள்வி.

இன்னோர் ஊற்று கீத் ஜான்ஸ்டன் (1933–2023). தெற்கு லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் ராயல் கோர்ட் அரங்கில் நாடகப் பிரதிகளை வாசித்துக் கருத்துச் சொல்பவராகச் சேர்ந்து, அங்கேயே நடிகர்களுக்கு வகுப்பெடுத்தவர். கனடாவின் கால்கரிக்குப் போய் 1977இல் லூஸ் மூஸ் அரங்கைத் தொடங்கினார். 1979இல் அவருடைய 'இம்ப்ரோ' என்ற நூல் வெளிவந்தது. கெட்டிக்காரத்தனமாக இருக்க முயலாதே, முதலில் தோன்றும் சாதாரணமானதைச் செய் என்பது அவர் அறிவுரை. கூட நடிப்பவர் நீட்டுவதை மறுக்காமல் ஏற்றுக்கொள் என்பது அவருடைய அடிப்படை விதி.

அவருடைய கண்டுபிடிப்புகளில் ஏற்றத்தாழ்வு ஆட்டத்தையே மிகப் பெரியதாக நான் கருதுகிறேன். இரண்டு நடிகர்கள் ஏதாவது பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவரைவிட ஒரு படி மட்டும் மேலே நிற்க முயல வேண்டும், அல்லது ஒரு படி மட்டும் கீழே. அவ்வளவுதான் விதி. உடனே நாற்காலியில் சாயும் விதம், பதிலுக்கு முன் விடும் இடைவெளி, கை முகத்தைத் தொடுவது எல்லாம் பொருள் பெற்றுவிடும். தமிழ் மாணவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிய வரலாறு நம்முடையது. திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள், யாருக்கு எந்தக் குவளை என்பதை உடம்பால் அறிந்த சமூகம் இது. சாதி பற்றி வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைகள், இந்த ஆட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை நடித்துக் காட்டிவிட முடியும். ஆசிரியர் இதை விளையாட்டாக மட்டும் கையாண்டுவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போவது பொறுப்பாகாது.

3. வளர்ச்சியா, கலையா?

இங்கிலாந்தின் பள்ளிகளில் இம்ப்ரவைசேஷன் வேறு ஒரு வாதத்தைச் சார்ந்து வளர்ந்தது. பீட்டர் ஸ்லேட் 1954இல் எழுதிய 'சைல்ட் டிராமா' குழந்தையின் விளையாட்டையே ஒரு தனிக் கலையாகக் கொண்டது. பிரையன் வே 1967இல் இதைப் பள்ளி முழுமைக்கும் விரித்தார். அவர் தரும் உதாரணம் பிரசித்தம். பார்வையற்றவர் என்றால் யார் என்ற கேள்விக்குக் கண் தெரியாதவர் என்று விடை சொல்லலாம். அல்லது கேட்டவரைக் கண்ணை மூடிக்கொண்டு இந்த அறையிலிருந்து வெளியேறப் பார்க்கச் சொல்லலாம். இரண்டாம் விடைதான் நாடகம் என்பது வேயின் கட்சி.

அவர்களைவிட ஆழமாகப் போனவர் டோரதி ஹீத்கோட் (1926–2011). யார்க்‌ஷயரில் கம்பளி ஆலையில் 14 வயதில் தறிக்குப் போனவர். நாடகப் பள்ளிக்கு அவரை அனுப்பியது அந்த ஆலை முதலாளியின் பணம். பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களுக்கு ஆசிரியரானார். 1971இல் பிபிசி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பு அவர் விட்டுவந்த தறிகளைக் குறிக்கிறது. ஹீத்கோட் வகுப்பில் ஓரமாக நிற்கமாட்டார். தானே ஒரு பாத்திரமாக உள்ளே போய், மாணவர்கள் எளிதில் தப்பிக்க முடியாத ஒரு முடிவின் முன் அவர்களை நிறுத்துவார். பிள்ளைகள் நடிப்பது முடிந்ததும் 'இதைச் செய்தபோது நீ யாராக இருந்தாய்?' என்ற திசையில் விசாரணை நடக்கும். நாடகம் இங்கே அறிவதற்கான ஒரு வழி.

எதிர்ப்பு 1989இல் வலுவாக வந்தது. டேவிட் ஹார்ன்புரூக் தமது நூலில், இந்த மரபு நாடகக் கலையின் வரலாற்றையும் பிரதிகளையும் கைத்திறனையும் மாணவரிடமிருந்து பறித்துவிட்டது என்று குற்றம்சாட்டினார். காலமும் அவர் பக்கம் இருந்தது. 1988 கல்விச் சீர்திருத்தச் சட்டம் வகுத்த தேசியப் பாடத்திட்டத்தில் நாடகம் தனிப் பாடமாக இடம்பெறவில்லை. ஆங்கிலப் பாடத்துக்குள் ஒதுக்கப்பட்டது. தன் கலை எது என்று சொல்லத் தெரியாத பாடத்துக்கு நேரும் கதி இது என்று வாதிட அவரைப் போன்றோருக்கு வழி பிறந்தது.

ஹார்ன்புரூக்கின் குற்றச்சாட்டில் பாதியை நான் ஏற்கிறேன். 17 வயது மாணவர் சோபாக்ளிஸையும் செகாவையும் அறியாமல், தன் வீட்டுச் சண்டையையே வாரம் ஒருமுறை வெவ்வேறு பெயரில் நடித்துக்கொண்டிருந்தால் அவர் வளரவில்லை. அவருக்குத் தெரிந்தது தீர்ந்துபோனதும் தொலைக்காட்சித் தொடரில் பார்த்ததுதான் வெளியே வரும். ஆனால் இது பிரதி வேண்டும் என்பதற்கான ஆதாரமே தவிர, இம்ப்ரவைசேஷன் வேண்டாம் என்பதற்கான ஆதாரமாகாது. இரு தரப்பாரும் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே பார்த்தார்கள் என்பதுதான் அந்த விவாதத்தின் குறை. மேடையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

4. வெறுங்கையோடு மேடை ஏறாதவர்கள்

இத்தாலியின் கொமெதியா தெல்லார்த்தே நடிகர்களுக்கு எழுதிய வசனம் கிடையாது என்பது பொதுவாக அறியப்பட்டது. ஆனால் அவர்களிடம் கதைச் சுருக்கம் இருந்தது. ஃபிளாமினியோ ஸ்காலா 1611இல் அச்சிட்ட தொகுப்பில் அத்தகையவை 50. ஒரு நடிகர் பெரும்பாலும் ஒரே முகமூடியோடு, ஒரே பாத்திரத்தோடு வாழ்ந்தார். காதல் மொழி, வசை, புலம்பல் என்று வகைவகையாகக் குறித்துவைத்து மனப்பாடம் செய்தார். மேடையில் கணத்தில் பிறந்ததாகத் தோன்றியது பல ஆண்டுச் சேமிப்பு.

நம் ஸ்பெஷல் நாடகம் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' இன்றும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மற்றோர் ஊர். தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, ஒத்திகை இல்லாமல், அன்றிரவு அந்தக் கொட்டகையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. ஆனால் பாட்டு, மெட்டு, கதையின் கணுக்கள், ஆர்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்கும் சுருதி எல்லாம் பாடாந்தரமாக உள்ளே இருக்கின்றன. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களைப் பற்றி 2005இல் ஒரு முழு நூல் எழுதினார். தமிழ்நாட்டு நாடகப் பயிற்சியோ இவர்களை ஆசிரியர்களாக அழைப்பதில் இன்னும் தயக்கம் காட்டுகிறது. எனக்கு இது வருத்தம் தரும் செய்தி.

எழுதப்படாத சொல் அதிகாரத்துக்குப் பிடிக்காது என்பதும் இங்கே குறிக்கத் தக்கது. எஸ்.எஸ்.விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, தினைப்புனத்துப் பறவைகளின் சாக்கில் வெள்ளையரைச் சாடும் பாட்டை நுழைத்துச் சிறை சென்றார். லண்டனிலும் 1968 வரை, பொதுமேடையில் பேசும் ஒவ்வொரு சொல்லையும் லார்டு சேம்பர்லின் அலுவலகத்துக்கு முன்கூட்டி அனுப்பி அனுமதி பெற வேண்டியிருந்தது. எழுதாத வசனத்துக்கு அனுமதி வாங்குவது எப்படி? ஜோன் லிட்டில்வுட்டின் தியேட்டர் ஒர்க்‌ஷாப் குழு, அனுமதித்த பிரதியில் இல்லாததை மேடையில் சேர்த்ததற்காக 1958இல் வழக்கைச் சந்தித்தது. ஜான்ஸ்டனின் குழு தன் நிகழ்ச்சியை 'வகுப்பு' என்று சொல்லித்தான் பார்வையாளர் முன் நடத்தியது.

5. வார்யாவின் வெப்பமானி

பிரதியையும் இம்ப்ரவைசேஷனையும் ஒரே வகுப்பில் சேர்த்த முறை மாஸ்கோவில் உருவானது. ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் கடைசி ஆண்டுகளில் முயன்று பார்த்ததை, அவருடைய மாணவி மரியா க்னெபெல் (1898–1985) ஒத்திகை முறையாகவும் கல்விமுறையாகவும் வளர்த்தெடுத்தார். 'எத்யூட்' என்பது அதன் பெயர். காட்சியைப் படிப்பார்கள், அதில் என்ன நிகழ்கிறது, யார் யாரிடம் என்ன வேண்டுகிறார் என்று பேசுவார்கள். பிறகு பிரதியை மூடிவைத்து, வசனம் மனப்பாடமாகும் முன்பே, சொந்தச் சொற்களில் எழுந்து நடிப்பார்கள். உடனே பிரதிக்குத் திரும்பி, எங்கே விலகினோம் என்று பார்ப்பார்கள். நாடகாசிரியரின் சொல் நடிகருக்குத் தேவைப்படும்வரை இது தொடரும்.

செகாவின் 'செர்ரித் தோட்டம்' (முதல் மேடையேற்றம் 1904) நான்காம் அங்கத்தில் ஒரு சிறு காட்சியை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டின் வளர்ப்பு மகள் வார்யாவை வியாபாரி லோபாகின் மணப்பான் என்று வீடே எதிர்பார்க்கிறது. எஸ்டேட் விற்றுப்போய் எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பும் நாள். இருவரையும் தனியே விடுகிறார்கள். இந்த நிலைமையை மட்டும் சொல்லி இரண்டு மாணவரை நடிக்கவிட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழும். லோபாகின் கேட்டுவிடுவான், அல்லது சண்டை வரும். குறிப்பாகக் கெட்டிக்கார மாணவர்கள் கண்ணீர்வரை போவார்கள். நீட்டியதை ஏற்றுக்கொள் என்ற ஜான்ஸ்டனின் விதியில் பழகியவர்கள் அவர்கள். ஒருவர் அன்பை நீட்டினால் மற்றவர் பிடித்துக்கொள்வார்.

இப்போது பிரதியைத் திறக்க வேண்டும். வார்யா மூட்டைகளுக்குள் எதையோ தேடுகிறாள், அகப்படவில்லை என்கிறாள். இனி எங்கே போவாள் என்று அவன் கேட்கிறான். வேறொரு வீட்டுக்கு, வேலைக்கு. அவன் தன் பயணத்தைச் சொல்கிறான். போன வருஷம் இந்நேரம் பனி விழுந்தது என்கிறான். இன்றைக்குக் குளிர் மூன்று டிகிரி என்கிறான். அவள் தான் பார்க்கவில்லை என்றும், வெப்பமானி உடைந்துபோயிற்று என்றும் சொல்கிறாள். வெளியே யாரோ கூப்பிடும் குரல் கேட்கிறது. அதற்காகவே காத்திருந்தவன்போல அவன் போய்விடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து மூட்டையில் தலைசாய்த்து அழுகிறாள்.

தாங்கள் நடித்த இரண்டு நிமிடத்துக்கும் இந்தக் காட்சிக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்த மாணவர்கள் தங்கள் உடம்பில் உணர்வார்கள். செகாவ் இந்தக் காட்சியை முழுக்க முழுக்க மறுப்புகளால் கட்டியிருக்கிறான்: நீட்டப்படும் எதையும் யாரும் பிடிப்பதில்லை. லோபாகின் பண்ணையடிமைகளின் வம்சம். இப்போது அந்த மண்ணுக்கே சொந்தக்காரன். அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு ஏற்றத்தாழ்வு ஆட்டம் ஒரு சாவி தருகிறது. இரண்டாம் முறை பிரதியை மூடி நடிக்கும்போது விதியை மாற்றலாம்: மனத்தில் இருப்பதைத் தவிர வேறு எதையும் பேசலாம், கை ஏதாவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்போலின் சொன்ன ஒற்றைக் கவனம் இங்கே மூட்டைக்குள் தேடும் கைக்குப் போய்விடுகிறது. ஸ்போலின், ஜான்ஸ்டன், எத்யூட் ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் வந்து கலக்கும் இடம் இது. விரிவுரை கேட்டோ வசனத்தை உருப்போட்டோ இந்தத் தூரத்தைக் கண்டறிய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எத்யூட் முறைக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சொந்தச் சொல்லில் பழகிய நடிகர் பிரதிக்கு வந்த பிறகும் தன் சொல்லையே விடாமல் பிடித்துக்கொள்வார், வசனம் கொச்சையாகும் என்பார்கள். ஒப்பிடும் படியை ஆசிரியர் தவிர்த்தால் அப்படித்தான் ஆகும். தமிழ் வகுப்பில் இந்த மறுப்பு வேறொரு கோணமும் பெறுகிறது. மாணவர் இம்ப்ரவைஸ் செய்வது யாழ்ப்பாணத்துத் தமிழிலோ, மட்டக்களப்புத் தமிழிலோ, மதுரைத் தமிழிலோதான். கையில் உள்ள மொழிபெயர்ப்போ எழுத்துத் தமிழில் இருக்கும். இரண்டும் மோதும்போது மாணவர் ஒரு கேள்வியைக் கேட்பார்: இந்த விறைப்பு செகாவுடையதா, மொழிபெயர்த்தவருடையதா? பதின்ம வயதில் இந்தக் கேள்வி எழுவது நாடகத்துக்கும் மொழிக்கும் நல்லது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் கலந்த பிரதியில் இதே பயிற்சியைச் செய்தால் கேள்வி இன்னும் கடினமாகும். அங்கே செய்யுளின் கட்டே நடிப்பின் கட்டு.

6. எதை அளப்பது?

தேர்வு வந்துவிட்டால் அளவுகோலும் வந்துவிடும். இங்கிலாந்தில் ஏ.க்யூ.ஏ. வாரியத்தின் ஏ லெவல் நாடகப் பாடத்தில், மாணவர் குழுவாகப் புதிதாகப் படைக்கும் நாடகத்துக்கு மொத்தத்தில் 30 சதவீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய 60 மதிப்பெண்ணில் 40 செயற்குறிப்பேட்டுக்கு, 20 மட்டுமே மேடையேற்றத்துக்கு. மேடையில் பளிச்சிடுவதைவிட அங்கே வந்து சேர்ந்த வழிக்கு மதிப்புத் தருவது சரியான முடிவுதான். ஆனால் இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. தவறிப்போய் நிகழ்ந்ததையெல்லாம் திட்டமிட்டுச் செய்ததாக எழுதினால் குறிப்பேடு அழகாக இருக்கும். தடுமாற்றத்தை மறைக்கக் கற்றுக்கொடுக்கும் குறிப்பேடு இம்ப்ரவைசேஷனின் உயிரை எடுத்துவிடும்.

போட்டி இன்னொரு வழி. கனடாவில் 1977 முதல் உயர்நிலைப் பள்ளிக் குழுக்களுக்காக நடந்துவரும் இம்ப்ரவ் போட்டிகளில் கதை, பாத்திரம், பாணி, கருப்பொருள் என்னும் பிரிவுகளோடு 'வாழ்க்கை' என்றும் ஒரு பிரிவு உண்டு. அங்கே சிரிக்கவைப்பதைவிட உண்மையாக இருப்பதற்கே மதிப்பு. போட்டி எப்போதும் வேகத்துக்குப் பரிசு தரும். அந்த ஒரு பிரிவை வைத்து அதற்கு அணைகட்டியிருக்கிறார்கள்.

இலங்கையின் உயர்தர நாடக மாணவர் தமிழிலேயே இந்தப் பாடத்தைப் படிக்கிறார். தமிழ் பேசும் உலகில் இது எளிதில் கிடைக்காத வாய்ப்பு. பாடத்திட்டம் வகுப்போருக்கும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு பிரதிக்கும் வசனம் மனப்பாடமாகுமுன் மூன்று வகுப்புகளை எத்யூடுக்கு ஒதுக்குங்கள். அந்த மூன்று வகுப்புகளுக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.